செத்தவருக்கு மாத்திரை கிடையாது

கொத்தனாரின் நெஞ்சுப் படம் ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கும் வழிதான் தெரியவில்லை.

கட்டட வேலை நடக்கும் வாசலில் சில வாரங்களாக எக்ஸ்ரே வண்டி நின்றது. இலவசம்தானே என்று அவரும் போய் நெஞ்சைக் காட்டினார். சிமெண்டுத் தூசியைத் தின்றே உரமேறிய நெஞ்சு. படம் எடுத்த நர்ஸ் அவர் செல்போனில் எதையோ அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். அதற்குப் பெயர் ஆராய்ச்சிக்குச் சம்மதமாம்.

"என்ன மாமா, வெவரம் தெரியாம அமுக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றான் மச்சினன். "அந்தப் படம் காண்ட்ராக்டர் கைக்குப் போச்சுன்னா, 'நெஞ்செல்லாம் தூசி, வீட்டுக்குப் போ'ன்னுடுவாரு."

கொத்தனாருக்கு வந்த இருமல் பாதியில் நின்றது.

மனைவி போனைப் பிடுங்கினாள். சம்மதத்தை வாபஸ் வாங்க இடம் இருந்தது. ஆனால் காரணம் கேட்டது. 'ஊர் மாறிவிட்டார்' என்றால் புது முகவரிக்குச் சான்று கேட்டது. 'விருப்பமில்லை' என்றால் விளக்கி எழுதச் சொன்னது. 'இறந்துவிட்டார்' மட்டும் மறுபேச்சே பேசவில்லை.

"அடிப்பாவி, அதையா அமுக்கப் போற?"

"சும்மா இருங்க. பேருக்குத்தானே!"

அமுக்கினாள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று வந்தது, கூடவே ஒரு ரோஜாப் படம்.

"உயிரோட இருந்தவரைக்கும் எனக்கு ஒருத்தனும் பூ அனுப்பலையே" என்றார் கொத்தனார்.

மறுநாள் காலை நர்ஸ் கூப்பிட்டாள். மனைவிதான் எடுத்தாள்.

"அக்கா, அவரு படத்துல ஒரு நிழல் தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையிலயே சரியாயிடும். ஆனா உடனே ஆரம்பிக்கணும்... ஐயோ, இறந்துட்டார்னு காட்டுதே! மன்னிச்சிடுங்கக்கா."

வைத்துவிட்டாள். செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

இருவரும் வண்டிக்கு ஓடினார்கள்.

"செத்தவங்க பேருக்கு மாத்திரை ஏறாதுண்ணா" என்றாள் நர்ஸ்.

"கண்ணால பாக்கிறியேம்மா!"

"நான் பாக்கிறேன். கம்ப்யூட்டர் பாக்கலையே. உயிரோட இருக்கீங்கன்னு மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி எதனால செத்தீங்கன்னு போடணும். காலியா விட்டா மேல நகராது."

"மாரடைப்புன்னு போட்டு விடும்மா" என்றாள் மனைவி.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்கக்கா. அப்படிப் போட்டா ஆராய்ச்சியே குப்பைன்னு டாக்டர் கத்துறாரு. சரியான காரணமா சொல்லுங்க."

கொத்தனாருக்கு ஆவல் தாங்கவில்லை. திரையை எட்டிப் பார்த்தார். தான் சாவதற்கு இத்தனை வழி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"பாம்புக்கடி?"

"அதெல்லாம் வேணாம். ஒரு கொத்தனாரு பாம்பு கடிச்சா சாவாரு? சாரத்துலேர்ந்து விழுந்துட்டேன்னு போடு. தொழில் பாத்துக்கிட்டே போன மாதிரி இருக்கும்."

"இதுலகூட கௌரவமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நர்ஸ் அழுத்தினாள். திரை சிவந்தது. 'வேலையிட விபத்து. காண்ட்ராக்டருக்குத் தகவல் அனுப்பப்பட்டது.'

யாருக்குத் தெரியக்கூடாது என்று செத்தாரோ, அவருக்கே சாவுச் சேதி போய்விட்டது. கொத்தனார் வண்டிக்கடியில் புக இடம் தேடுவதற்குள், மேல்மாடியிலிருந்து காண்ட்ராக்டர் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார்.

"யோவ்! எந்தச் சாரத்துலய்யா விழுந்த? போலீசு வருமேன்னு எனக்கு உசுரே போயிடுச்சு!"

"விழலீங்க..." என்று இழுத்தார் கொத்தனார். மனைவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நிழல், மாத்திரை, பொத்தான், ரோஜாப்பூ.

காண்ட்ராக்டர் முகம் கறுத்தது.

"நெஞ்சுல நோவை வச்சுக்கிட்டு எங்கிட்டயே மறைக்கிறியா? அதுக்குச் செத்த வேஷம் வேற! இந்தத் திருட்டுப் புத்தி இருக்கிறவன் எனக்கு வேணாம். நாளையிலேர்ந்து கரண்டியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராத!"

கொத்தனார் தலை குனிந்தார். நர்ஸ் மட்டும் காண்ட்ராக்டரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க போன வாரமே செத்துட்டதா வந்துச்சே? உங்க மாத்திரையும் இங்கதான் கெடக்கு."