மாப்பிள்ளை விசாரிக்கப் போன தீவு

உட்துறைமுகத்தடி,
திருகோணமலை.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அஞ்சலோ எழுதுவது. மாதாவின் தயவால் நானும் மனுசி சீலாவும் கை கால் முறியாமல் வீடு வந்து சேர்ந்தோம். இலங்கைத்துறையில் உங்கள் முழங்கால் எப்படி? போனில் சொன்னால் உங்களுக்குப் பாதி கேட்காது, மீதியை நம்பமாட்டீர்கள்; ஆகவே கடிதம்.

என் மகள் நிரோஷினி கட்டப்போகிற கிரேக்கப் பெடியனை அவனுடைய ஊரிலேயே விசாரிக்காமல் கோயிலில் ஃபாதரிடம் கலியாண அறிவித்தல் கொடுக்கக் கூடாது என்று என்னை அனுப்பியது நீங்கள்தான்; அதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். அங்கே தங்கியது மூன்றே நாள். மகள் லண்டனில் இருந்து கூட்டிக்கொண்டு போன அந்தத் தீவின் பெயர் இன்னும் என் வாயில் நிற்கவில்லை. கடல் நம்மட கொட்டியாரக்குடாக் கடல் மாதிரித்தான், வெயிலும் அதே வெயில், மீனை மட்டும் குழம்பில்லாமல் சுட்டுத் தருகினம், சீலா கொண்டுபோன மிளகாய்த்தூளால உயிர் தப்பினம். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் படுத்திட்டினம். இதுதான் தருணமெண்டு மாப்பிள்ளை ஸ்டாமாத்திஸின்ர படத்தை எடுத்துக்கொண்டு துறைமுகத்தடிக்குப் போனனான். ஊரே நித்திரை, ஒரு கோப்பிக் கடையில மட்டும் நாலு கிழவர்மார். பாஷை தெரியாது. படத்தைக் காட்டினன், கையை விரிச்சன், ஆள் எப்பிடி எண்டு முகத்தாலயே கேட்டன். வெயில் கூச்சத்தில கண்ணீர் வேற ஓடுது, லேஞ்சியால துடைச்சன்.

அவ்வளவுதான் அக்கா! ஒரு கிழவர் கத்திக் குளறினார். கடைக்காரன் அடுப்பை அணைச்சுப்போட்டு ஓடினான். கோயில் மணி அடிக்குது, வள்ளங்கள் வெளிக்கிடுது, முன்பின் தெரியாத பொம்பிளை ஒருத்தி என்னைக் கதிரையில இருத்தித் தோளைத் தடவித் தடவி அழுகிறா. பெடியன் கடலில காணாமல் போயிட்டானெண்டு நினைச்சிட்டினம்! நம்மட பக்கத்தில ஒரு ஆள் பிள்ளையின்ர படத்தோட நிண்டால் என்ன அர்த்தமெண்டு, காணாமல் போனவையின்ர தாய்மாரைப் பார்த்த எனக்கல்லோ முதல் தெரிஞ்சிருக்க வேணும். தாய்க்காரி ஒற்றைச் செருப்போட ஓடி வந்தா. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போச்சு. கடைசியில மாப்பிள்ளை நித்திரை முறிஞ்ச கண்ணோட, நிரோஷினிக்குப் பின்னால, என்ன சத்தமெண்டு கேட்டுக்கொண்டு வாறார். தாய் ஒரு அறை விட்டா, பிறகு கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினா.

மகள் வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கட ஊரில மாப்பிள்ளையை இப்பிடித்தான் விசாரிக்கிறதெண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். என்னைத் தூக்கிக் கடலில போடப்போகினம் எண்டு நினைச்சன். தாய்க்காரி மூக்கைத் துடைச்சுக்கொண்டு கேட்டதை மகள்தான் தமிழில சொன்னாள்: "சரி, என்ர பிள்ளையைப் பற்றி என்ன சொன்னவை?"

ஆகவே அக்கா, நீங்கள் கேட்கச் சொன்ன குடி, கூடாத கூட்டாளிமார், முன்கோபம் ஒன்றையும் விசாரிக்க முடியவில்லை. இருப்பது ஒரே மகள். கலியாணத்துக்குப் பிறகு அங்கேதான் இருப்பாளாம். விசாரிக்காத இடத்தில் கொடுக்க என் மனம் துணியவில்லை. உங்கள் பதில் வரும்வரை ஃபாதரிடம் அறிவித்தல் கொடுக்கமாட்டேன். இது உறுதி.

அத்தானுக்கு என் அன்பு. மாதா உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தம்பி அஞ்சலோ

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் ஃபாதரிட்டப் போய் அறிவித்தல் குடுத்திட்டன், இந்த ஞாயிறு வாசிப்பார். கோபிக்காதேங்கோ. சம்மந்திக்கு அனுப்ப ஒரு கிலோ பாரைக் கருவாடு போட்டு வையுங்கோ. அந்தக் கடைக்காரன் அடுப்பை அணைச்சதே கண்ணுக்குள்ள நிக்குது அக்கா. நாளைக்கு என்ர பிள்ளை அங்க வீட்டுக்கு வரப் பிந்தினால், தேடுறதுக்கு ஆக்கள் இருக்கினம்.