எதிரணித் துக்கத்துக்கு ஒரு தலைவர்

கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் துணி பளபளத்துவிடும். பளபளக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு துக்கம் அனுசரிக்க முடியாது. அதனால் மேலே ஓர் ஈரத் துணியை விரித்து, பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, சாப்பாட்டு மேசையில் நின்றபடி தலைவரின் மனைவி அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வரும் சட்டை. வயிற்றுப் பக்கம் இறுக்குகிறது என்று நேற்று பொத்தான்களை நகர்த்தித் தைத்ததும் அவள்தான். தலைவரின் துக்கம் வருஷா வருஷம் சுற்றளவில் கூடிக்கொண்டே போகிறது.

பதறாதீர்கள். வீட்டில் யாரும் சாகவில்லை. தலைவருடைய அணியிலும் யாரும் சாகவில்லை. செத்தவர்கள் எதிரணியின் ரசிகர்கள். அதுவும் முப்பது வருஷத்துக்கு முன்னால்.

ஆம், நாம் இன்று பார்க்கப்போகும் இனத்துக்கு எதிரணித் துக்கக்காரர் என்று பெயர். சொந்தத் துக்கத்தை எல்லோரும்தான் கொண்டாடுகிறார்கள், அதில் என்ன பெருமை? அடுத்தவன் துக்கத்தை, அதிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் நாம் மண்ணைக் கவ்வ வைக்க நினைக்கிறவனின் துக்கத்தை, அவன் கேட்காமலே எடுத்து, தூசி தட்டி, தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஒரு மனசு வேண்டும். ஒலிபெருக்கியும் வேண்டும்.

தலைவர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பகலில் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவு மேற்பார்வையாளர். சாயங்காலமானால் சிவப்புக் கால்பந்து அணி ரசிகர் மன்றத் தலைவர். பெண் எடுத்தது மட்டும் நீல அணிக் குடும்பத்தில். நல்ல இடம், நல்ல பெண், ஒரே ஒரு குறை என்று அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நீல அணி மைதானத்தில், ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது, வடக்கு கேலரியின் மரப் படிக்கட்டு சரிந்து பதினோரு பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்தப் படியில் அவளுடைய தம்பியும் இருந்தான். பள்ளிக்கூடத்துப் பையன். அவன் எழுந்து வந்தான். வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்கிற சிநேகிதன் எழுந்து வரவில்லை.

அந்தப் பதினோரு பேர்தான் தலைவருடைய பேச்சுக்கு முதுகெலும்பு. "பதினோரு பேர்! ஓர் அணியே மேலே போய்விட்டது! சொர்க்கத்தில் இப்போது ஆட்டம் நடக்கிறது!" என்று அவர் கையை உயர்த்தும்போது முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கோல்கீப்பர் யார் என்பதை மட்டும் இதுவரை அவர் சொன்னதில்லை.

இந்த இனத்தை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் பேனரைப் பாருங்கள். நடுவில் கைகட்டி, தலை சாய்த்து, தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பவர் செத்தவர் அல்ல; அஞ்சலி செலுத்துபவர். செத்தவர்கள் கீழே, ஓரமாக, தபால்தலை அளவில் வரிசையாக இருப்பார்கள், ஏதோ அவர்கள்தான் இவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மாதிரி. அடுத்தது, வாசகம். "மரணத்துக்கு ஜெர்சி கிடையாது." இதைத் தலைவர் பேனரில் போடுவார், பேச்சில் மூன்று இடத்தில் சொல்வார், அலுவலகத்தில் யாராவது மீட்டர் ஓடவில்லை என்று புகார் கொண்டுவந்தால்கூட அன்றைக்கு ஒருமுறை சொல்லி அனுப்புவார். மற்ற நாட்களில்? போன மாதம் நீல அணி கோல்கீப்பருக்குத் தோள்பட்டை நழுவியபோது பிரிவு முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தவர் இதே தலைவர்தான். மரணத்துக்குத்தான் ஜெர்சி கிடையாது. தோள்பட்டைக்கு உண்டு.

மூன்றாவது அடையாளம், போட்டி மனப்பான்மை. எதிரணியின் துக்கத்தை நீங்கள் தூக்கினால் எதிரணி சும்மா இருக்குமா? நீல அணி மன்றத்துக்குச் செயலாளர் ஒரு பல் டாக்டர். நாள் பூராவும் அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்கிற அந்த மனிதர், பழைய காலத்தில் சிவப்பு அணி போன பஸ் பள்ளத்தில் உருண்ட சம்பவத்தைத் தேடிப்பிடித்து, வாயை மூடிக்கொண்டு ஒரு மௌன அஞ்சலி நடத்திவிட்டார். இரண்டு நிமிடம். தலைவர் நடத்தியதோ ஒரு நிமிடம். அன்று இரவு தலைவர் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் மூன்று நிமிடம் நின்றார்கள். இரண்டாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒருவர் இருமியதற்கு மன்றத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. இப்படியே போனால் கூடுதல் நேரம் கொடுத்து, அதிலும் சமமாக இருந்தால் பெனால்டி வைத்துத்தான் எந்தப் பக்கம் அதிகம் வருந்துகிறது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதிரணி செத்ததற்கு நாம் வருந்தவே கூடாதா? எவன் செத்தால் எனக்கென்ன என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரி போதும், கொடுத்துவிட்டேன். தலைவர் அந்த ரகம் இல்லை. அவரைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

முன்பெல்லாம் சிவப்பு அணி ரசிகர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். படிக்கட்டைப் பற்றிய பாட்டு. அதன் வரிகளை இங்கே எழுத மாட்டேன். ஒரு நாள், நீல அணி மைதானத்திலேயே, பக்கத்துக் கேலரியில் செத்தவர்களின் வீட்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்க, ஐந்நூறு தொண்டைகள் அதைப் பாடத் தொடங்கின. தலைவர் அப்போது தலைவர் இல்லை. தொப்பை இல்லாத வெறும் ரசிகர். விறுவிறுவென்று இறங்கிப் போய், டிரம் அடித்துக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து குச்சிகளைப் பிடுங்கி, முறித்து, அவன் முன்னாலேயே போட்டுவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு நின்றது. அதற்குப் பிறகு அதை யாரும் பாடவில்லை. அன்றைக்கு நீலப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் பிறகு, நாலு பேர் வேண்டாம் என்று சொல்லியும், அவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் காலரை முடித்து இடது கைக்கு வந்தபோது தம்பி உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"தண்ணி குடுக்கா."

அவள் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனரைப் பார்த்துவிட்டான்.

இந்த வருஷத்துப் பேனரில் ஒரு புதுமை. தலைவருக்குப் பக்கத்தில் மச்சானின் படம். ஏதோ கல்யாண விருந்தில் வாய் நிறையச் சாப்பாட்டோடு சிரிக்கும்போது எடுத்ததை வெட்டி ஒட்டி, 'சாவை வென்ற சகோதரர்' என்று போட்டிருந்தார். கறுப்புக் கட்டம் எல்லோரையும் சுற்றிப் பொதுவாகப் போயிருந்தது.

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு வெளிய வர்றேன். கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் என்னைப் பார்த்து ரெண்டடி பின்னால போறார். 'நீங்க போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்'ங்கிறார்."

"பார்த்தியா, பேனர் வேலை செய்யுது!" என்று உள்ளறையிலிருந்து பனியனோடு வந்தார் தலைவர். கையில் பேச்சுக் காகிதம். "சாயங்காலம் சீக்கிரம் வந்துடு மாப்ள. முதல் மெழுகுவத்தி நீதான் ஏத்துற."

"மாமா, அந்தப் படிக்குக் கீழ மேடை போட்டிருக்காங்க."

"நான்தான் போடச் சொன்னேன். அந்த இடத்துக்குப் பெர்மிஷன் வாங்க எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா?"

"அன்னிக்குத் தப்பிச்சவங்க நாங்க வருஷா வருஷம் அங்கதான் நிப்போம்."

"அதுக்குத்தானே அங்க போட்டிருக்கு! இத்தனை வருஷமா நாதியத்தவங்க மாதிரி அந்த மூலையில நின்னுட்டுப் போறீங்க. ஒரு நாற்காலி உண்டா? ஒரு லைட்டு உண்டா? இனிமே உங்களுக்கெல்லாம் முன்வரிசை."

"உக்கார வரல மாமா. நிக்க வர்றோம்."

"சரி, நின்னு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம்."

தலைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பாரு உன் தம்பி பேசுறதை, என்கிற பார்வை. அவள் பெட்டியைச் சட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தாள். அந்த மூலையில் நிற்பதைப் பற்றி அவளிடம்கூட அவன் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் வேலைக்கு அரை நாள் லீவு போடுவான், போவான், வருவான், வந்ததும் நன்றாகச் சாப்பிடுவான். அது போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"ஒண்ணும் பண்ணாம எப்படிப்பா அஞ்சலி ஆகும்?" என்றார் தலைவர்.

"மாமா, நீங்க செஞ்சதை நான் மறக்கல. அன்னிக்கு அந்தக் குச்சியை முறிச்சீங்களே. நான் அந்தப் பக்கம்தான் இருந்தேன். அது போதும் மாமா எங்களுக்கு. எந்தக் காலத்துக்கும் போதும்."

"அதுவா?" தலைவர் கொஞ்சம் கூச்சத்தோடு காகிதத்தை மடித்தார். "அதை எங்க சொல்றது மாப்ள? போட்டோ எதுவும் இல்லையே."

தம்பி டம்ளரை மேசையில் வைத்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. நேராகச் சொல்லித் தொலையேன்டா என்று வாய்வரை வந்தது.

"எனக்கு அன்னிக்கு நடந்ததுல ஞாபகம் இருக்கிறது சத்தம்தான் மாமா. மரம் உடையுற சத்தம், அதுக்கப்புறம் ஆளுங்க சத்தம். என் ஃப்ரெண்டு சத்தம் கொஞ்ச நேரம் வந்துச்சு, அப்புறம் வரல. அதான் அங்க போய் சத்தம் இல்லாம நிக்கிறோம். வேற ஒண்ணும் இல்ல."

தலைவரின் கண் கலங்கியது. நான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கலங்கியது. மூக்கை உறிஞ்சினார். மச்சானின் தோளில் கை வைத்தார். குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"இதை அப்படியே மைக்ல சொல்லிடு மாப்ள."

தம்பி எழுந்தான்.

"நான் இந்த வருஷம் போகல மாமா."

"போகலையா? என்னடா இது! அப்ப மெழுகுவத்தியை யாரு ஏத்துறது? பேனர்ல போட்டாச்சேப்பா!"

தம்பி கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசல்வரை போனவன், அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"துணி பொசுங்குது பாருக்கா."

அவள் பெட்டியைத் தூக்கினாள். ஈரத் துணி காய்ந்து போயிருந்தது. சட்டையின் இடது கையில், முழங்கைக்கு மேலே, பெட்டியின் வடிவத்திலேயே பளபளவென்று ஒரு தழும்பு. தெரிந்து வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருஷமாகக் கறுப்புச் சட்டை தேய்க்கிறவள் அவள்.

"சரியாப் போச்சு," என்றார் தலைவர். சட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல. போட்டோக்காரனை வலது பக்கமா நிக்கச் சொல்லிடலாம்."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைப் பெட்டியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்றேன். மைக்கைத் திருப்பி அனுப்பிடுங்க. மேடையைப் பிரிக்கச் சொல்லுங்க. போன் பண்ணி வரச் சொன்னா அவன் வருவான். அவன்கூட அந்த மூலையில போய் சும்மா நில்லுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க. பேர்கூட வராது. நிப்பீங்களா?"

அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது, இல்லையா? எனக்கும் தெரிந்தது. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நமக்கு எப்போதுமே பதில் தெரியும். ஆனால் போன வாரம், முன்பின் தெரியாத யாரோ எங்கேயோ செத்த செய்திக்குக் கீழே, ஒரு மெழுகுவர்த்திப் படமும் 'வார்த்தைகள் இல்லை' என்று இரண்டு வார்த்தைகளும் போட்டீர்களே. அதற்குப் பிறகு போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தீர்கள்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கத்தானே? சும்மா கேட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடமும் ஒரு கறுப்புச் சட்டை இருக்கும். இடது கையை மட்டும் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தலைவர் அவளைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், குச்சியை முறித்த அந்த ஆள் அந்தப் பனியனுக்குள் அசைந்த மாதிரி அவளுக்கு இருந்தது. அவள் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

வெளியே தெருவில், அஞ்சலிக்கூட்டத்தை அறிவிக்க வந்த ஆட்டோவின் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஹலோ... மைக் டெஸ்ட்... ஹலோ..."

அவர் சட்டையில் இடது கையை முதலில் நுழைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே அறையை விட்டுப் போனார்.