விநியோகம் தடைபடக் கூடாது

குழாய்ப் பராமரிப்புத் துறையில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரின் வீட்டில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாயை வளைத்து இணைக்கும் பிளாஸ்டிக் எல்போ ஒன்று முன்னறிவிப்பின்றி விரிசல் விட்டது.

அவர் நேரில் பார்வையிட்டார். குனிய முடியவில்லை. நின்றபடியே பார்வையிட்டார்.

"பிளம்பரைக் கூப்பிடவா?" என்றாள் மனைவி.

"என் வீட்டுக் குழாய்க்கு வெளியாளா? நாலு பேர் சிரிப்பாங்க. நானே பார்த்துக்கறேன்."

"நீங்க குழாயைத் தொட்டிருக்கீங்களா?"

தொட்டதில்லை. கை நீட்டிக் காட்டியிருக்கிறார். துறையில் அதற்குப் பெயர்தான் மேற்பார்வை.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பிளம்பர்தான். 'பாவம், இவருக்கு ஒண்ணும் தெரியலை'ன்னு சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்றாள் மனைவி.

அந்தப் பேச்சுக்கு வெள்ளமே வந்தாலும் தேவலை என்று நினைத்தார். கடைக்குப் போய்ப் புது எல்போவும் பசையும் டேப்பும் வாங்கி வந்தார்.

"முதல்ல வால்வை மூடுங்க."

"மூடக் கூடாது. பழுது பார்க்கிறப்போ பொதுமக்களுக்கு விநியோகம் தடைபடக் கூடாது. துறை விதி."

"இங்க பொதுமக்கள் யாரு?"

"நீதான்."

"எனக்குத் தடைபட்டாப் பரவாயில்லை."

"அதைச் சொல்ற அதிகாரம் பொதுமக்களுக்கு இல்லை."

ஓடுகிற தண்ணீரில் புது எல்போவை மாட்ட முடியாது. ஆகவே அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். தரையில் உட்கார்ந்து பழையதன்மேல் பசை பூசினார். ஈரத்தில் ஒட்டவில்லை. டேப் சுற்றினார். அதன்மேல் சைக்கிள் டியூப். அதன்மேல் கிழிந்த பனியன். எல்போ பூசணிக்காயாகப் பதவி உயர்வு பெற்றது. கடைசி முடிச்சை இறுக்கியபோது, குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் 'டப்' என்றது.

சொட்டு நின்றது.

"பார்த்தியா? நின்னுடுச்சு."

"தண்ணி எங்க போகுது?"

"அது நம்ம எல்லையில இல்லை."

மீசையை முறுக்கிக்கொண்டார். ஈரத்தில் ஒட்டாத பசை மீசையில் ஒட்டியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். அவரும் அதே துறை, அதே பதவி. அந்தக் கட்டடமே துறைக்காரர்கள் சேர்ந்து கட்டியது.

"சார், எங்க கூரையில உங்க தண்ணி ஒழுகிச்சு."

இவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"பதறாதீங்க. தரையில ஓட்டை போட்டு அடுத்த கீழ்வீட்டுக்கு இறக்கிட்டேன். இப்ப நம்ம வீடு சுத்தமாக் காஞ்சிருக்கு."

"நல்ல வேலை சார்."

சொல்லி முடிக்கவில்லை, இவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தார். இன்னொன்று மூக்கில் விழுந்தது. மேல்வீட்டுக்காரர் தம் மனைவியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது:

"பார்த்தியா? நின்னுடுச்சு."

இவர் மனைவி போனை எடுத்தாள்.

"பிளம்பரா? ஒரு வீடு இல்லைங்க, முழுக் கட்டடமும். பாவம், இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலை."