கேள்விக்குறி போட்ட முக்கோணம்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் காலேஜ் சமூகவியல் துறைச் சுவரில் ஒரு பெரிய உறவுமுறை வரைபடம் தொங்குகிறது. அதில் இருக்கிற எல்லாரும் உண்மை, மூன்று பேரைத் தவிர. அந்த மூவரில் ஒருவன் நான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அங்கே டியூட்டராகச் சேர்ந்தேன். (இப்போது இருபத்தேழு. பயங்கர முதிர்ச்சி.) அங்கே சமூகவியல் நடத்தும் விதம் ரொம்பச் சுலபம். துறைத் தலைவர் பழுப்பேறிய நோட்டைத் திறப்பார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் யார் யாரைக் கட்டலாம் என்று படிப்பார். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். அவரும் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை, பையன்களும் பார்த்ததில்லை. எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

நான் போய்க் கெடுத்தேன். "நோட்ஸே வேண்டாம் சார். பையன்களை மகாபலிபுரம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆளுக்கொரு வீடு. கேட்டுக் கேட்டு வரையட்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். நானே குப்பத்துப் பிள்ளை சார், எனக்குத் தெரியாததா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பத்து வயதிலிருந்து ஹாஸ்டலில் கிடந்தவன், பொங்கலுக்குச் சாப்பிட மட்டுமே ஊருக்குப் போகிறவன் என்பதைச் சொல்லவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "குப்பத்திலேர்ந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்தப் புது முறையும் கிடையாது, நீயும் கிடையாது. மூணு மணி பஸ்ஸுல நானே வந்து பாக்கறேன்." எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில், பொய்த் தகவல் எழுதுவதுதான் சமூகவியலில் மகா பாவம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பக்கத்தில் காதர் உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் மகன். என் கேள்வித்தாளை மேலிருந்து கீழே படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், எங்க அக்காவைப் பாக்க வந்தவங்களும் வரிசையா இதேதான் கேட்டாங்க."

"அது விசாரிப்பு. இது ஆராய்ச்சி" என்றேன். (இதை அவன் இன்னும் மறக்கவில்லை. போன மாசம் தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் சொல்லிக் காட்டினான்.)

மற்ற பையன்கள் வேறு வேறு வீடுகளுக்குப் போனார்கள். நானும் காதரும் முனுசாமி என்பவர் வீட்டில் நுழைந்தோம். வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் கொட்டினேன். வடக்கே எங்கள் குப்பம், அப்பாவின் படகு, என் படிப்பு, உத்தியோகம், இன்னும் கல்யாணமாகவில்லை என்பது வரை. பிறகு தாளை எடுத்தேன். எத்தனை பிள்ளைகள்? பெண் உண்டா? வயசு? முறைமாமன் இருக்கிறானா? கல்யாணத்துக்கு உங்கள் பக்கம் என்ன செய்வீர்கள்?

பதில் சொல்லச் சொல்ல மனுஷனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். பெண்ணின் மாமன் கரையிலிருந்து ஓடி வந்தார். சுடச்சுட மீன் குழம்போடு சோறு வந்தது. "யார் வெச்ச குழம்பு?" என்று கேட்டேன். (இது தாளில் இல்லாத கேள்வி. வாய் சும்மா இருக்கவில்லை.) எல்லாரும் சிரித்தார்கள். புத்தக முறை என்னமாய் வேலை செய்கிறது என்று பூரித்துப் போனேன்.

முனுசாமி ஒரே ஓர் இடத்தில்தான் தயங்கினார். "எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. பெரிய புயலப்போ குடும்பத்தக் கூட்டிகினு வடக்க போனவரு. எங்க நைனா சாவற வரிக்கும் தேடிகினே இருந்தாரு." நான் ஒரு முக்கோணம் போட்டு, உள்ளே கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அப்போதுதான் தட்டு வந்தது. பூ, பழம், வெற்றிலை. நான் வெற்றிலையை எடுத்து மென்றேன். கூட்டத்தில் ஒரு கிழவர், "எடுத்துட்டாரு" என்றார்.

"தை மாசமே வச்சிக்கலாம், இன்னாபா" என்றார் மாமன்.

காதர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான்.

நான் பாடம் நடத்த வந்தவன், இது வெறும் பயிற்சி என்று உளறினேன். முனுசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பத்து பேரு பாக்க எம்பொண்ணு வயசக் கேட்ட. சோறு துன்ன. வெத்தல எடுத்த. இப்ப எய்ந்து போனா, நாளிக்கு அவள எவன் வந்து கேப்பான்? நீ படிச்சவன், சொல்லு."

மாமன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். காதர் கைக்கடிகாரத்தைக் காட்டினான். மூன்றடிக்கப் பத்து நிமிஷம். சரி என்றால் தையில் கல்யாணம். இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்குத் தலைகுனிவு, தலைவரிடம் புகார், எனக்குப் பெட்டி படுக்கை. வேர்வை தாளில் சொட்டி இரண்டு வட்டங்கள் கலைந்தன.

உள்ளே கதவோரமாக ஒரு குரல். முனுசாமியின் மகள் தனம். "நைனா, எல்லாத்தையும் கேட்டுக்கினீங்க. அவங்க குலசாமி இன்னான்னு கேக்கலியே."

பேசியது அப்பாவிடம். பார்த்தது என்னை. பிறகு என் மடியிலிருந்த தாளை. அதில் அவர்கள் குலசாமி பெயரை நானே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவள் கண் அங்கேயே நின்றது.

அப்போதுதான் என் மண்டையில் விளக்கெரிந்தது. ஒரே குலசாமி என்றால் பங்காளி. பெண் தங்கை முறை. கல்யாணம் கிடையாது, யாருக்கும் அவமானமும் கிடையாது.

எங்கள் குலசாமி எல்லையம்மன். வெற்றிலையை முழுங்கினேன்.

"பனைமரத்து செல்லியம்மா" என்றேன்.

தட்டு உள்ளே போகும், நாங்கள் பஸ்ஸுக்கு ஓடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முனுசாமி எழுந்து நின்றார்.

"உங்க தாத்தா அந்தக் குப்பத்துக்கு எங்கேர்ந்து வந்தாரு?"

"தெரியாது" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன கடைசி உண்மை அதுதான்.

அவர் தாளிலிருந்த கேள்விக்குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வடக்க போன சனம்" என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. என் சட்டை நனைந்தது. கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இல்லை, பொய் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் துறைத் தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

என்ன விஷயம் என்று கேட்டார். "எங்க அண்ணன் மவன் சாமி. புயல்ல போனது, இன்னிக்குத்தான் கெடச்சுது" என்றார் முனுசாமி.

தலைவருக்குப் புல்லரித்துவிட்டது. நாலு மணி நேரத்தில் ஓர் ஆராய்ச்சியாளன் உறவுக்குள்ளேயே போய்விட்டதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லையாம். காதரைக் கூப்பிட்டு அங்கேயே கேள்விக்குறியை அழிக்கச் சொன்னார். அதன் கீழே என் தாத்தா, அப்பா, நான் என்று மூன்று முக்கோணங்களைப் போட வைத்தார். காதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வரைந்தான். வேலை நிரந்தரமானது. இப்போது வருஷா வருஷம் அந்தப் படத்தைக் காட்டித்தான் அவர் முதல் வகுப்பைத் தொடங்குகிறார். ஆஸ்திரேலியர்களுக்கு விடுதலை.

எனக்குத்தான் இல்லை. அண்ணன் என்றால் சும்மாவா? அடுத்த வருஷம் தனத்துக்கு அவள் மனசிலிருந்த பக்கத்துக் குப்பத்துப் பையனோடேயே கல்யாணம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சீர்த்தட்டை வெயிலில் சுமந்து போனேன். பிறகு வளைகாப்பு. பிறகு குழந்தைக்குப் பெயர் வைப்பது. முனுசாமி பொங்கலுக்குப் பொங்கல் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் அப்பாவை "அண்ணே" என்று கூப்பிடுகிறார். முதல் தடவை அப்பா என்னை முறைத்தார். பிறகு வந்தவர் முகத்தைப் பார்த்தார். "வா தம்பி" என்றார்.

போன ஆவணியில் திருப்போரூர் முருகன் கோயிலில் தனத்தின் பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடி என்னுடையது. பயல் கத்திய கத்தில் என் புது வேட்டியை நனைத்துவிட்டான். தனம் குனிந்து துடைக்கிற சாக்கில் கேட்டாள்: "அண்ணா, உங்க நெஜக் குலசாமி இன்னா?"

"எல்லையம்மா."

"நெனச்சேன். மெதுவா பேசு, நைனா காதுல வுழப் போவுது."

இன்றைக்கும் நான் பென்சிலும் தாளுமாகக் கிளம்பினால், அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவாள். "இன்னிக்கு எந்த வூட்டுக்குடா புள்ளையாப் போற?"