பெட்டிக்கு ஆயுள் கேட்ட தொம்மை

ஒரு காட்டில், அதாவது பாதி மரமும் பாதி உப்புத் தண்ணீருமாகக் கிடந்த ஓர் அலையாத்திக் காட்டில், தொம்மை என்றொரு நீர்நாய் இருந்தான். அவனுக்கு மீன் பிடிக்க ஒரு வல்லம், சின்னப் படகு, இருந்தது. பிரகாசி என்று ஒரு மனைவி இருந்தாள். வல்லத்தில் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி கடலில் வழி காட்டும், ஆழம் சொல்லும், அடியில் மீன் கூட்டம் நின்றால் திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டும்.

மீனைக் கண்டுபிடிக்க நீர்நாய்க்கு எதற்குப் பெட்டி என்று காட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தொம்மையிடம் பதில் இருந்திருக்காது. அவனுக்கே அந்தச் சந்தேகம் அவ்வப்போது வரும். வந்தவுடன் ஒரு துணியை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவான்.

பெட்டியை விற்றது நரியார் கம்பெனி. அட்டையில் 'ஆயுள் முழுக்க ஆதரவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் வந்து முகத்துவாரத்தைப் புரட்டிப் போட்டது. ஆழமாக இருந்த இடத்தில் மணல் திட்டு எழும்பியது. திட்டாக இருந்த இடத்தில் புது வழி திறந்தது. பெட்டிக்குள்ளோ பழைய வரைபடம்தான் இருந்தது. புது வரைபடம் வேண்டும் என்று தொம்மை கம்பெனிக்குப் போன் போட்டான். கிளி எடுத்தது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்," என்றது கிளி. காலையில் ஆரம்பித்து உச்சிவெயில் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. தொம்மை போனைத் தோளில் இடுக்கியபடியே வலையில் சிக்கெடுத்தான், கஞ்சி குடித்தான், ஒரு தூக்கமும் போட்டான். அப்புறம்தான் கிளி தன் சொந்தக் குரலுக்கு வந்தது.

"அண்ணே, அந்த மாடலை நிறுத்தியாச்சு."

"எங்கே நிறுத்தியாச்சு? நல்லா ஓடிக்கிட்டுல்ல இருக்கு."

"உங்ககிட்ட ஓடும்ணே. நாங்க நிறுத்திட்டோம். இனிமே அதுக்கு மேப் வராது, பார்ட்ஸும் வராது."

"ஆயுள் முழுக்கன்னு போட்டிருக்கீங்களே?"

"அது மாடலோட ஆயுள்ணே."

"அந்த ஆயுள் எப்ப முடியும்?"

"நாங்க சொல்றப்ப முடியும்."

கோபப்பட வேண்டிய இடம் இது என்று தொம்மைக்குத் தெரிந்தது. ஆனால் கிளி வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்று கூப்பிட்டதில் பாதிக் கோபம் கரைந்துபோயிருந்தது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் கடலுக்குக் கிளம்பும்போது பிரகாசி சொன்னாள்: "வழி மாறிக் கிடக்கு. நான் இறங்கி முன்னால நீந்துறேன், நீங்க என் பின்னாலேயே வாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் பெண்டாட்டியின் வாலைப் பார்த்து வல்லம் ஓட்டுவதைக் கரையில் நிற்கும் நாரைகள் பார்த்தால் என்ன நினைக்கும்? "பெட்டி இருக்குல்ல," என்றான் தொம்மை.

பெட்டியின் வரைபடம் நேராகப் போகச் சொன்னது. ஆழம் குறைகிறது என்று அதே பெட்டி கீச்சிட்டது. இரண்டில் எதை நம்புவது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் வல்லம் மணலில் ஏறிவிட்டது. பின்னால் வந்த அலை அதைப் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்த்தது. தொம்மை தூரப் போய் விழுந்தான். பிரகாசியின் பின்னங்கால் வல்லத்தின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நீர்நாய்க்குத் தண்ணீரில் என்ன பயம் என்று சொல்லிவிடலாம். நீர்நாயும் மூச்சுவிட மேலேதான் வந்தாக வேண்டும். தொம்மை ஓடிவந்து அவள் காலுக்கு அடியில் மணலைத் தோண்டினான். தோண்டிய குழியை அலை மூடியது. மறுபடி தோண்டினான். மறுபடி மூடியது. தண்ணீர் அவள் தாடைக்கு வந்துவிட்டது. அவள் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பெட்டிய வச்சிட்டு ரெண்டு கையாலயும் தோண்டுங்க."

அப்போதுதான் தொம்மை குனிந்து பார்த்தான். இடது கை பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது. அதைக் கவிழ்ந்த வல்லத்தின் முதுகில் வைத்தான். அந்த நிலைமையிலும் கண்ணாடி கீறாமல் பார்த்துத்தான் வைத்தான் என்பதை நினைத்து, பிற்பாடு அவனே பலநாள் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு கையாலும் தோண்டியதும் கால் வந்தது. எலும்பு பிசகி, சிப்பி கிழித்த காயத்தோடு வந்தது. அதிலிருந்து பிரகாசி விந்திவிந்தித்தான் நடந்தாள்.

அவள் நடையைப் பார்க்கப் பொறுக்காமல் தொம்மை சிங்கராஜாவின் சபையில் வழக்கு வைத்தான். ஒரு கருவியைச் செய்வதை நிறுத்திவிட்ட பிறகு, ஏற்கெனவே விற்றதை எத்தனை காலத்துக்குக் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும்? இதுதான் வழக்கு. காடே திரண்டு வந்தது. எல்லார் வீட்டிலும் நிறுத்தப்பட்ட பெட்டி ஒன்று இருந்தது.

நூறு வருஷமாவது பார்க்க வேண்டும் என்றது ஆமை. பொழுது சாயும்வரை பார்த்தால் தாராளம் என்றது ஈசல்.

நரியார் எழுந்தார். சலவைச் சட்டை, பணிவான குரல். "ராஜா, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் சில்லை நான் செய்யறதில்லை. செய்யறவன் நிறுத்திட்டா நான் எங்கே போவேன்? பழைய மாடலுக்கெல்லாம் பார்ட்ஸ் அடுக்கி வச்சா புதுப் பெட்டி விலை மரத்து உச்சிக்குப் போயிடும். அப்புறம் நம்ம தொம்மை மாதிரி உழைப்பாளி எதை வாங்குவார்?"

தொம்மைக்கே அது நியாயமாகப் பட்டது. தன்னையறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிரகாசி விலாவில் இடித்தாள். "நிறுத்தின நாள்லேருந்து பத்து வருஷம் பாக்கணும்னு கேளுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

"தொம்மை, நீ என்ன கேட்கிறாய்?" என்றார் சிங்கராஜா.

பத்து வருஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அத்தனை பெரிய கூட்டம் தன் வாயையே பார்ப்பதை அவன் முன்னே பின்னே கண்டதில்லை. வெறும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார மனசு வரவில்லை. நெஞ்சை நிமிர்த்தினான்.

"ராஜா, பெட்டிக்கும் உயிர் உண்டு. அந்த உயிர் உள்ளவரை பெற்றவன் அதைக் கைவிடக் கூடாது."

சபை உருகிவிட்டது. ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. முதலில் கைதட்டியவர் நரியார்தான். கருவி உயிரோடு இருக்கும்வரை கம்பெனி ஆதரவு தர வேண்டும் என்று சிங்கராஜா அந்த இடத்திலேயே சட்டம் போட்டார். குரங்குகள் தொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டன.

"பத்துங்கிற ஒரு வார்த்தைய சொல்ல முடியல," என்றாள் பிரகாசி கீழேயிருந்து. மேளச் சத்தத்தில் கேட்காத மாதிரி தொம்மை இருந்துவிட்டான்.

ஊர்வலம் கடைத்தெரு வழியாகத் திரும்பியது. நரியார் குறுக்கு வழியில் முன்னால் வந்து கடை வாசலில் கும்பிட்டபடி நின்றார். பக்கத்தில் புது மாடல். கலர் திரை. வாய்விட்டே பேசியது. "வணக்கம் தொம்மை, இன்றைக்கு எந்தப் பக்கம் போவோம்?" என்று கேட்டது.

"தலைவரே, பழசைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கிட்டுப் போங்க. பழைய பெட்டியில நீங்க பதிஞ்சு வச்ச வழியெல்லாம் இதுல ஏறாது, ஆனா புயலுக்கு அப்புறம் போட்ட மேப் இருக்கு," என்றார் நரியார்.

"நியாயம் கேக்க வந்தமா, சாமான் வாங்க வந்தமா?" என்றாள் பிரகாசி. "இப்பத்தானே நம்ம பெட்டிக்கு ஆயுள் வாங்கினீங்க?"

தொம்மைக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் பழைய பெட்டி ஒருநாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொடுத்துவிட்டான். அவனைப் பார்த்து ஆமை கொடுத்தது, முள்ளம்பன்றி கொடுத்தது, அந்த வாரத்துக்குள் காட்டில் பழைய பெட்டி என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

புதுப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. அடுத்த ஐப்பசியில் ஒரு காலை, வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டது. கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து கொக்கு வந்தது. ஆதரவு என்றால் இதுவல்லவா ஆதரவு என்று தொம்மை பூரித்துப்போனான். கொக்கு பெட்டியை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தது, காது வைத்துக் கேட்டது, பையிலிருந்து ஒரு சாமந்தி மாலையை எடுத்துப் பெட்டிக்குப் போட்டது.

"போயிடுச்சுண்ணே," என்றது மெல்லிய குரலில். "உயிர் இருந்தவரைக்கும் பாத்துக்கிட்டோம். சட்டத்துல நீங்க சொன்னதும் அதுதானே."

"ஒரு வருஷத்துலயா?"

"விதிண்ணே. இப்ப வர்ற மாடல் எல்லாமே அற்பாயுசு. கடையில புதுசு வந்திருக்கு, செத்ததையும் எடுத்துக்கறாங்க."

பிரகாசி விந்திவிந்திப் போய் வலையில் சிக்கெடுக்க உட்கார்ந்துவிட்டாள். சண்டைக்கு வந்திருந்தாலாவது பதிலுக்குப் போட்டிருக்கலாம். "சும்மா கேட்டுட்டு வரேன்," என்று சொல்லித் தொம்மை மாலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான்.

கடை வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை வரிசை நின்றது. எல்லார் கையிலும் மாலை போட்ட பெட்டி. ஆமை நேற்றே கிளம்பி வந்து முன்னால் நின்றிருந்தது. தொம்மையைக் கண்டதும் வரிசை மரியாதையாக விலகியது.

"சட்டம் போட வச்ச தலைவர் வர்றார், வழி விடுங்கப்பா," என்றது ஆமை.

தொம்மைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலை குனிந்துகொண்டே போய் முதல் ஆளாக நின்றான்.

நீதி: நியாயம் கேட்கப் போகிறவன், தோற்றால் எந்த வழியாகவும் திரும்பலாம், ஜெயித்தால் மட்டும் கடைத்தெரு இல்லாத வழியாகத் திரும்ப வேண்டும்.