சுவரேறும் ஆடு குறித்து மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவும் நானும் நலம். எங்கள் மகள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால் உங்கள் நலத்தை விசாரிக்கக் கை வரவில்லை, பொறுத்தருளவும். நீங்கள் நலம்தான் என்பது பத்திரிகையில் வந்த படத்திலேயே தெரிந்தது. ‘தனி ஒருவராக ஓர் உலகத்தைப் படைத்தவர்’ என்று போட்டிருந்தார்கள். கடவுளுக்கே ஆறு நாள் ஆனதாகச் சொல்வார்கள். உங்களுக்கு எத்தனை நாளோ.

அந்த உலகத்து மரம், கிணறு, ஆடு, மாடு எல்லாம் மூன்று வருஷம் உங்கள் கம்பெனியில் உட்கார்ந்து என் மகள் செய்தது. வீடியோ கேம் முடிவில் உழைத்தவர்கள் பெயரெல்லாம் ஓடும் என்று அவள் சொல்லியிருந்தாள். சினிமா மாதிரி கடைசிவரை உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். ஜெயித்தால்தான் பெயர் வருமாம்! பஸ் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்த கை இது; அந்தக் குட்டிப் பொத்தான்கள் இதற்கு அடங்கவில்லை. பதினேழு நாள் விளையாடினேன். தொங்குபாலத்தில் மட்டும் நாற்பத்து மூன்று தடவை செத்தேன். அதில் பாதி, உங்கள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னதால் வந்த சாவு. ஒருவழியாக அரக்கனைக் கொன்றுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், பன்னிரண்டு நிமிஷம் பெயர்கள் ஓடின. உங்கள் பெயர் ஏழு இடத்தில். உங்கள் நாய்க்கு நன்றி. மகள் பெயர் இல்லை. வெளியீட்டு நாளன்று நாற்காலியில் இல்லாதவர் பெயரைப் போடுவதில்லை என்பது கம்பெனி வழக்கமாம். அன்று அவள் காய்ச்சலில் கிடந்தாள். நாய் எந்த நாற்காலியில் இருந்தது?

இனி இந்த நீங்கள், வாருங்கள் எல்லாம் எனக்கு வராது. கேள். ஆடு செங்குத்தாகச் சுவரேறிக் கூரையில் போய் நிற்கிறது என்று நாலு பேர் புகார் எழுதினார்கள். மறுநாளே ஊரறிய மன்னிப்பு அறிக்கை போட்டாய். அதில், ஆட்டைச் செய்தவள் என்று இருக்கிறது என் மகள் பெயர், முதலெழுத்தோடு, ஒரு பிழையில்லாமல். அவளையே கேட்டேன். “யாரு கடைசியா தொட்டாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கும்பா. கடைசியா நான் ஆட்டோட கழுத்து மணியைத்தான் கொஞ்சம் கீழே இறக்கினேன். காலு மட்டும் மாமா செஞ்சது” என்றாள். பணிமனையிலும் இந்த அநியாயம் உண்டு. பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்குக் கண்ணாடி துடைத்தவன்தான் மாட்டுவான், கடைசிக் கையெழுத்து அவனுடையது.

நாலு நாளாக அவள் அறையை விட்டு வரவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் முதலில் அவள் பெயரைத்தான் தேடிப் பார்ப்பார்கள். ஆடுதான் வந்து நிற்கும். இந்த லட்சணத்தில், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, மனசைத் தளரவிடாதே என்று அவளுக்கு ஃபோன் வேறு செய்திருக்கிறாய். வயிறு எரிகிறதடா. அந்த அறிக்கையை உடனே எடு. ஆட்டின் நாலு காலும் நான் செய்தவை என்று உன் கைப்பட எழுதிப் போடு.

உன் அக்கா தம்பிக்கு ஆசி சொல்லச் சொன்னாள். சொல்லியாகிவிட்டது. என்னுடைய ஆசி, திருத்தம் வெளியானபின் தனித் தபாலில் வரும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் சிரித்துக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். இப்போது எல்லோரும் அரக்கனை விட்டுவிட்டு அந்த ஆட்டின் பின்னால்தான் அலைகிறார்களாம். வருஷத்தின் சிறந்த பாத்திரம் என்று ஆட்டுக்கு விருதாம். வாங்க நீ மேடை ஏறப் போகிறாயாம். ஆகவே, மேலே கால் உன்னுடையது என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். “காலு மாமாவோடதுதானேப்பா” என்கிறாள், பிழைக்கத் தெரியாத பெண். அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்பு அறிக்கையை இன்று காலையே நீ எடுத்துவிட்டாய் என்றும் தெரியும். ஆனால் நான் அதைப் பத்துப் பிரதி எடுத்து, ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆட்டைச் செய்தது யார் என்று கீழே உன் கையெழுத்தோடு இருக்கிறது.