எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

ஆயுத பூஜைக்காகப் பொட்டு வைத்து, வண்டியின் பானெட் மேல் கோவிந்தராஜ் வைத்த எலுமிச்சம்பழம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இடது பக்கமாக உருண்டு, கீழே விழுந்து, பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் பாபுவின் காலடியில் போய் நின்றது.

"அரே கோவிந்தராஜ் பாய், காடி டேடா ஹோ கயா!" என்றார் அவர் பழத்தை எடுத்துக் கொடுத்தபடி. வண்டி கோணலாகிவிட்டதாம். சொன்னதோடு விட்டாரா? விழுந்து விழுந்து சிரிக்கவும் செய்தார்.

அது என்ன லேசுப்பட்ட வண்டியா? மகள் சௌமியா பிறந்த வருஷம் சென்னையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த எஸ்யுவி. ஹாடோ துறைமுகத்தில் கிரேன் அதை அந்தரத்தில் தூக்கியபோது, மனைவி ஜெயமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு கோவிந்தராஜின் கையைப் பிடித்த பிடி இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் மின்னி பேயிலிருந்து கிளம்பி கார்பின்ஸ் கோவ் கடற்கரைதான். அவர் ஓட்டுவார். இடது பக்கம் அவள், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு உப்புக் காற்று வாங்குவாள். அவள் மடியில் தூங்கிய சௌமியா வளர்ந்து மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவரும் மின்சாரத் துறையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படியே இருந்தது. அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் மற்ற நாட்களையே அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வண்டிய நிமித்தியே ஆகணும்" என்றார் வீட்டுக்குள் வந்து.

"சாஞ்சா சாஞ்சுட்டுப் போவுது, விடுங்க. ஓடுதில்ல?" என்றாள் ஜெயமணி.

"உன்னைக் கோணல் வண்டியில வச்சு ஓட்டிட்டுப் போறதா? ஊரே சிரிக்குது!"

ஊர் என்றால் பிஸ்வாஸ் பாபு.

வழக்கமான மெக்கானிக் காத்தமுத்து மெயின்லேண்டு போனவன், திரும்பக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். அதனால் புரோத்ராபூரில் புதிதாக ஷெட் போட்டிருந்த பிரவீன்குமாரிடம் போனார். அவன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"முன்னாடி இடது ஸ்பிரிங் ஒரு சுத்து கம்மியா இருக்கு அங்கிள். ஒடைஞ்சிருக்கும். புதுசு கப்பல்லதான் வரணும். சஸ்தா மே, கம்மி செலவுல ஒரு வழி இருக்கு. ரப்பர் வளையம் வச்சுத் தூக்கிடலாம்."

தூக்கினான். வண்டி வலது பக்கம் சாய்ந்தது.

அந்த ஞாயிறு ஜெயமணி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு காலை வைக்கப் போனவள், என்னவோ நினைத்துக்கொண்டு எடுத்துவிட்டாள்.

"அடுப்புல பாலை வச்சுட்டேங்க. இன்னிக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

கோணல் இன்னும் போகாததுதான் அவளுக்குக் குறை என்று கோவிந்தராஜ் முடிவு கட்டினார். மறுநாளே புரோத்ராபூர்.

"வலது பக்கமும் ஒண்ணு போடுப்பா."

போட்டான். இப்போது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது. விளக்கைப் போட்டால் சாலை தெரியவில்லை. தென்னை மரத்து உச்சியில் இருந்த இளநீர் தெரிந்தது.

"பாய்! லைட் மேரே பெட்ரூம் மே ஆ ரஹா ஹை!" என்று மாடியிலிருந்து கத்தினார் பிஸ்வாஸ் பாபு. வெளிச்சம் அவர் படுக்கையறைக்குள் வருகிறதாம்.

அடுத்த ஞாயிறு ஜெயமணிக்குத் தலைவலி.

"பின்னாடியும் தூக்கிடுப்பா. ஒரேயடியா சரி பண்ணிடு."

பின்னாலும் தூக்கியாயிற்று. வண்டி கம்பீரமாக, நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. பானெட்டில் வைத்த எலுமிச்சம்பழம் இம்மிகூட அசையவில்லை. பிஸ்வாஸ் பாபுவே சல்யூட் அடித்தார். கோவிந்தராஜ் பெருமை பிடிபடாமல் ஜெயமணியைக் கூப்பிட்டார்.

அவள் வாசலில் நின்று வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு இனிமே கடற்கரையெல்லாம் வேணாங்க. பாத்த வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனியாகத்தான் போனார். பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டார். இரண்டையும் அவரே குடித்தார், இரண்டுமே ருசிக்கவில்லை. காலியாகக் கிடந்த இடது சீட்டைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் அலுக்காதது இப்போது அலுத்துவிட்டதா? கடல் அலுத்ததா, இல்லை, கூட வருகிற ஆள் அலுத்துப்போனாரா? அப்படி நினைத்தவுடன் அந்த மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் காத்தமுத்து ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தான். வாசலில் நின்ற வண்டியைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயையோ, யாருண்ணே இதை இப்படித் தூக்குனது?"

"நான்தான் தூக்கச் சொன்னேன். நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? இடது ஸ்பிரிங் ஒடைஞ்சு, வண்டி சாஞ்சு கெடந்திருக்கு. அதுகூடத் தெரியல உனக்கு!"

காத்தமுத்து வீட்டுக்குள் ஒரு பார்வை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஒடையலண்ணே, நான்தான் வெட்டுனேன். 'முட்டி மடங்க மாட்டேங்குது, நான் ஏறுற பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடு, அவருக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை போறதையே நிறுத்திடுவாரு'ன்னு அண்ணிதான் வந்து சொன்னாங்க."